சம்பந்தியின் பிரேசில்

ஜனகராஜ் தன் வருங்காலச் சம்பந்தியிடமிருந்து பிரேசிலைப் பிடுங்கிவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்குக் கட்டைவிரல் கொஞ்சம் தடிமன். பக்கத்து நாட்டைத் தொடப்போன விரல் பிரேசிலைத் தொட்டுவிட்டது. போனில் பகடை உருண்டது, எக்காளம் ஊதியது, 'பிரேசில் உங்கள் வசம்!' என்று எழுத்து மினுங்கியது.

"அண்ணே, இந்த மாம்பழ மஞ்சளுக்கு லைனிங் கேட்டு எம்புட்டு நேரமா நிக்கிறேன்?" என்றார் கடை வாசலில் நின்ற அம்மாள்.

"பிரேசில் வந்துருச்சுக்கா" என்றார் ஜனகராஜ், அழாத குறையாக.

"புதுக் கலரா? எடுங்க, பாப்போம்."

பழங்காநத்தத்தில் ஜனகராஜின் மேட்சிங் சென்டரில் இல்லாத கலர் கிடையாது. ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் என்று எந்தச் சேலையைக் கொண்டுவந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதே நிறத்தை உருவிப் போடுவார். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. துணி சாயம் போச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, "உக்காந்து திட்டுங்கக்கா" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் பிரேசிலைப் பிடுங்கலாமா? அதுவும் சம்பந்தியாகப்போகிற தவசியிடமிருந்து?

போன் அடித்தது. மகள் வித்யாஸ்ரீ.

"அப்பா! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கை பட்டுருச்சும்மா."

"அவர்கூடச் சேந்து ஆடுங்கன்னுதான சொன்னேன்? அவரை அடிங்கன்னா சொன்னேன்?"

"திருப்பிக் குடுத்துரட்டுமா?"

"அந்த கேம்ல திருப்பிக் குடுக்குறதுக்கெல்லாம் பட்டன் கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

விஷயம் இதுதான். வித்யாஸ்ரீ கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். அதே கிளினிக்கின் ஆய்வகத்தில் இருப்பவன் தமிழ்மாறன். இருவருக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. ஜனகராஜ் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ்மாறனின் குடும்பம் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து படித்து, வேலைக்குப் போய், கே.கே. நகரில் வீடு கட்டிக் குடியேறியது. இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் வாய் வலிக்கும்வரை பேசி ஓய்ந்துவிட்டார்கள். ஜனகராஜும் அவர் மனைவி கனகலட்சுமியும் மகளின் முகத்தைப் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டார்கள். பையனின் அம்மா ராமக்காளுக்கும் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது பையனின் அப்பா தவசி மட்டும்.

தவசி ஓய்வுபெற்ற சர்வேயர். கெட்ட மனிதர் இல்லை, பேசாத மனிதர். ஜனகராஜ் குடும்பத்தோடு போய்ப் பார்த்தபோது, உள்ளே நுழைகையில் "வாங்க" என்றார். நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்றார். கிளம்பும்போது "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போமில் வந்து நின்ற கல்யாணப் பேச்சு இன்னும் நகரவில்லை. என்ன பாப்போம், எப்போது பாப்போம் என்று கேட்கிற தைரியம் பெற்ற மகனுக்கே வரவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு தவசிக்கு ஒரே பொழுதுபோக்கு. மொட்டை மாடியில் உட்கார்ந்து போனில் உலகத்தைப் பிடிப்பார். உலக வரைபடம்தான் பலகை. ஆளுக்குக் கொஞ்சம் நாடுகள், கொஞ்சம் சிப்பாய்கள். நம் முறை வரும்போது போன் 'டொய்ங்' என்று கூப்பிடும். பகடையை உருட்டிப் பக்கத்து நாட்டைப் பிடிக்கலாம். பேசுவதற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியும் உண்டு.

"அப்பா அந்த கேம்லதான் கொஞ்சமாச்சும் ஆள்கூட இருக்காரு. மாமாவை அதுல சேத்துவிடுவோம், ரெண்டு பேரும் பழகட்டும்" என்று தமிழ்மாறன்தான் யோசனை சொன்னான். வித்யாஸ்ரீ அப்பாவின் போனில் விளையாட்டை ஏற்றி, 'வித்யா அப்பா' என்று பெயரும் வைத்துக் கொடுத்தாள். தவசியின் பெயர் 'சர்வேயர்', பச்சை நிறம். ஜனகராஜ் மஞ்சள். மூன்று பேர் ஆடுகிற ஆட்டம் என்பதால் காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் யாரோ முகம் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். பெயர் 'பூச்சாண்டி', கறுப்பு நிறம்.

ஆட்டம் தொடங்கிய சூட்டோடு பிரேசில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜனகராஜ் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவர்கள் பேசியது சௌராஷ்டிரத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டை ஜெயிக்கிறதா? எங்கயாச்சும் உண்டா?" என்றாள் கனகலட்சுமி.

"திருப்பிக் குடுக்கப் பட்டன் இல்லைங்கிறாளே."

"பட்டன் இல்லாட்டி என்ன? காவல எடுத்துட்டுக் கதவத் தெறந்து வைங்க. அவரா வந்து எடுத்துக்கட்டும்."

அது ஜனகராஜுக்கு நல்ல யோசனையாகப் பட்டது. பிரேசிலில் ஒரே ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டு மற்றவர்களையெல்லாம் வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பகடை உருட்டினால் தவசிக்குப் பிரேசில் கிடைத்துவிடும்.

மறுநாள் 'டொய்ங்'. ஜனகராஜ் ஆவலோடு பார்த்தார். தவசி பிரேசிலைத் தொடவே இல்லை. அதற்குப் பதில், பக்கத்திலிருந்த தன் அர்ஜென்டினாவிலும் ஒரே ஒரு சிப்பாயை விட்டுவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தார்.

"இது என்னடி கணக்கு?"

கனகலட்சுமி கீரையை ஆய்ந்தபடியே யோசித்தாள். "ஒண்ணு எடுத்துட்டீங்கல்ல, இன்னொண்ணையும் எடுத்துக்கங்கன்னு பெரிய மனுசன் பெருந்தன்மையா சொல்றாரு. நாம சும்மா இருக்கலாமா? பக்கத்து வீட்டுல கொழம்பு குடுத்து விட்டாங்கன்னா கிண்ணத்தை வெறுமையாவா திருப்பி அனுப்புவோம்? நாலு பழமாச்சும் வச்சுத்தான குடுப்போம்?"

ஜனகராஜ் கிண்ணத்தில் பெருவையும் வெனிசுலாவையும் வைத்துக் கொடுத்தார். அதாவது, அங்கிருந்த படையைக் கிளப்பி ஐஸ்லாந்துப் பக்கம் அனுப்பிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு தவசி ஆப்பிரிக்காவின் வடக்கைக் காலி செய்தார். இவர் மெக்சிகோவைக் காலி செய்தார். அவர் எகிப்தைக் காலி செய்தார். பந்தியில் "நீங்க உக்காருங்க", "இல்ல, நீங்க உக்காருங்க" என்று இரண்டு பெரியவர்கள் மாறி மாறி உபசரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அப்படியே உலக அளவில் நடந்தது.

அப்படி நிற்கும்போது இலையில் வந்து உட்கார்ந்துவிடுகிற மூன்றாவது ஆள் ஒருவன் இருப்பானே, அவன்தான் பூச்சாண்டி. திறந்து கிடந்த கதவுகள் வழியே சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். தென் அமெரிக்கா போயிற்று. ஆப்பிரிக்கா போயிற்று. போன் திரை அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துக்கொண்டே வந்தது.

ஜனகராஜ் பதறிப்போய், கடையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து யூடியூபைத் தேடினார். புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று ஒருவன் தொண்டை கிழியக் குறிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மக்களே! கிடைக்கிற இடத்தையெல்லாம் அள்ளாதீங்க! வாசல் கம்மியா இருக்குற கண்டமாப் பாத்து உக்காருங்க. ஆஸ்திரேலியாவுக்கு ஒரே வாசல்தான், இந்தோனேசியா. அந்த வாசல்ல மொத்தப் படையையும் நிறுத்துங்க. வீட்டுக்குள்ள காவல் எதுக்கு? இன்னொண்ணு, மூணு பேர் ஆடும்போது ஒருத்தன் பெருசாயிட்டான்னா, மத்த ரெண்டு பேரும் யோசிக்காம கூட்டுச் சேந்துருங்க!"

கூட்டுச் சேர வேண்டுமென்றால் யாராவது வாயைத் திறக்க வேண்டுமே என்று ஜனகராஜ் பெருமூச்சு விட்டார். அதை விட்டுவிட்டு முதல் குறிப்பைப் பிடித்துக்கொண்டார். இருந்த படையையெல்லாம் திரட்டி ஆஸ்திரேலியாவைப் பிடித்து, இந்தோனேசியாவில் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது.

போன் அடித்தது.

"அப்பா, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்களே, வெளிய யாரு நிக்கிறாங்கன்னு பாத்தீங்களா?"

பார்த்தார். பக்கத்து தாய்லாந்தில் தவசியின் பச்சைப் படை நின்றுகொண்டிருந்தது. அவரும் பூச்சாண்டிக்குப் பயந்து அதே ஆஸ்திரேலியாவுக்குத்தான் வந்திருக்கிறார். பின்னால் கறுப்புப் படை, முன்னால் சம்பந்தி சாத்திய கதவு.

"அவங்க அப்பா இன்னிக்குக் காப்பி கூடக் குடிக்கலையாம்ப்பா. மாடியில நடந்துக்கிட்டே இருக்காராம்."

ஜனகராஜ் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: 'மன்னிக்கவும் சார். தெரியாமல் இந்தோனேசியாவில் உட்கார்ந்துவிட்டேன்.'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: 'ம்.'

அந்த 'ம்'மை ஜனகராஜ் கடையில் வைத்துப் பார்த்தார், சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். கோபமா, வருத்தமா, சம்மதமா, ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், கதவைத் திறந்துவிட்டால்தான் மனது ஆறும் என்று முடிவு செய்து, தன் முறை வந்ததும் இந்தோனேசியாவிலிருந்த படையை உள்ளே இழுத்து தவசிக்கு வழிவிட்டார். அடுத்து யார் முறை என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அடுத்தது பூச்சாண்டியின் முறை.

பூச்சாண்டி கடல்வழியே இறங்கி, திறந்திருந்த இந்தோனேசியாவில் சட்டமாக உட்கார்ந்துகொண்டான். இப்போது தவசி வடக்கே, ஜனகராஜ் தெற்கே, இரண்டு பேருக்கும் நடுவில் அவன். போதாக்குறைக்குப் பெட்டியில் வாயையும் திறந்தான்.

'என்ன சர்வேயரே, ஊரான் எல்லையெல்லாம் அளந்தீரே, சொந்த எல்லை எங்கேன்னு தெரியலையா? பேசாம போனை வச்சிட்டுப் போய்ப் படும்.'

ஜனகராஜ் அதைப் படித்தார். ஒரு மனிதர் உத்தியோகம் பார்த்து, தலை நரைத்து, மாடியில் தனியாக உட்கார்ந்து விளையாடுகிறார். அவரைப் போய் இப்படிப் பேசுகிறானே என்று நெஞ்சு கொதித்தது. தன்னைச் சொல்லியிருந்தால் ஸ்டூலைத் தள்ளிப் போட்டிருப்பார். தடித்த கட்டைவிரல் இந்தத் தடவை ஒரு எழுத்துகூடத் தவறாமல் அடித்தது.

'டேய் பூச்சாண்டி. எங்க சம்பந்தியைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா நடக்கிறதே வேற.'

அனுப்பிய பிறகுதான் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. சம்பந்தி. மனிதர் இன்னும் சரி என்று சொல்லவே இல்லை. கல்யாணமே பேசி முடிக்கவில்லை. உலகம் பார்க்க உறவு கொண்டாடியாகிவிட்டது. அழிக்கப் பார்த்தார். அதற்கும் அந்த விளையாட்டில் பட்டன் கிடையாது.

அன்று முழுக்கப் பெட்டியில் சத்தமே இல்லை. ஒரு 'ம்' கூட இல்லை. ஜனகராஜ் கடையில் ராமர் பச்சை கேட்டவர்களுக்குக் கிளிப்பச்சையைக் கொடுத்தார். கேட்டவர்களே பயந்துபோய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வித்யாஸ்ரீ நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மீட்டர் கோலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கெடுத்துட்டேம்மா. ஒழுங்கா நடந்திருக்க வேண்டியது. எல்லாத்தையும் நாந்தான் கெடுத்துட்டேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ஒருத்தர்கூடச் சண்டை போட்டு நான் பாத்ததே இல்லப்பா. அவருக்காகப் போட்டீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"அவர் வேணாம்னு சொல்லிட்டா?"

அவள் கண்ணில் நீர் முட்டியதை மறைக்க ஏதோ துணியை மடிக்கத் தொடங்கினாள். ஜனகராஜுக்குத் தாங்கவில்லை. "உனக்காக ஆஸ்திரேலியாவையும் குடுத்துருவேம்மா" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அப்போது 'டொய்ங்'.

இரண்டு தலைகளும் போன்மேல் முட்டிக்கொண்டன. பெட்டியில் சர்வேயர் எழுதியிருந்தார். அவர் வாழ்க்கையிலேயே எழுதிய மிக நீளமான செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

'சம்பந்தி, நீங்க தெக்க இருந்து அடிங்க. நான் வடக்க இருந்து வாரேன். இந்தப் பயலைச் சும்மா விடக் கூடாது.'

வித்யாஸ்ரீ முதல் வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். ஜனகராஜ் எழுந்து நின்று போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தவசி. கையில் சுருட்டிய பெரிய தாள். விரித்தால், பென்சிலால் அளவெடுத்து வரைந்த உலகம். எந்த எல்லையில் எம்புட்டுப் படை என்பதுவரை குறித்திருந்தார்.

"வாங்க சம்மந்தி, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார் ஜனகராஜ்.

"அவன் பெரிய ஆளுதேன். ஆனா ஒரே சமயத்துல ரெண்டு பக்கமும் அவனால பாக்க முடியாது" என்று தொடங்கிய தவசி நிறுத்தவே இல்லை. நடுவில் இரண்டு தடவை பருத்திப்பால் வந்தது. லைனிங் கேட்டு வந்த பெண்கள்கூடத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மேல் மூலைய விட்டுட்டீகளே" என்று யோசனை சொன்னார்கள்.

தாளைச் சுருட்டும்போது தவசியின் குரல் தணிந்தது.

"சம்மந்தி, உங்களைப் பிடிக்காம நான் பேசாம இல்ல. சர்வேயர் எங்க போனாலும் வரப்புத் தகராறுதேன். இந்தப் பக்கத்து ஆளுகிட்டச் சிரிச்சுப் பேசுனா, அந்தப் பக்கத்து ஆளு, இவன் விலை போயிட்டான்னு சொல்லிருவான். அதுனால யார்கிட்டயும் பேச மாட்டேன். அப்பிடியே பழகிப்போச்சு. இப்ப பேசணும்னு நெனச்சாலும் என்னத்தப் பேசுறதுன்னு தெரியல. பிரேசிலை நீங்க தெரியாம எடுத்துட்டுச் சங்கடப்பட்டீக. அதைப் பாத்து எனக்கும் சங்கடமாப் போச்சு. அதேன் நானும் ஒதுங்குனேன்."

"நான்தான் உங்களைத் தொந்தரவு பண்றேனோன்னு பயந்துட்டேன்."

"எனக்காக இதுவரைக்கும் ஒருத்தனும் சண்டைக்குப் போனதில்ல" என்றார் தவசி. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. காலையில் போன், மத்தியானம் போன், சாயங்காலம் நேரில். பூச்சாண்டியைத் திட்டுவதற்கு இரண்டு பேருக்கும் சொற்கள் போதவில்லை. திட்டி முடித்ததும் கல்யாணத்துக்கு எந்த மண்டபம், சமையலுக்கு யார் என்ற பேச்சு தானாக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளும் பச்சையும் பரவின. கறுப்பு பின்வாங்கியது.

பூ வைக்க நாள் குறிப்பதற்காக ஜனகராஜ் குடும்பத்தோடு கே.கே. நகர் வீட்டுக்குப் போன அன்று, பூச்சாண்டியிடம் மிச்சம் இருந்தது ஐரோப்பாவின் ஒரு ஓரம் மட்டும். காலண்டரை நடுவில் வைத்துவிட்டு இரண்டு சம்பந்திகளும் ஒரே சோபாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போன்களைப் பிடித்திருந்தார்கள்.

"எல்லா இடத்துலயும் ஒத்தச் சிப்பாயை விட்டு வச்சிருக்கான், பாருங்க சம்மந்தி" என்றார் தவசி. "இம்புட்டு நாளா ஆடுனவன் கடைசில இப்பிடிக் கோட்டை விடுறானே."

"பேராசை சம்மந்தி. அகலக்கால் வச்சா இப்பிடித்தான்" என்றார் ஜனகராஜ், யூடியூபில் குறிப்புச் சொல்கிறவனே தோற்றுப்போகும் குரலில்.

ஒரே ஒரு நாடு மிச்சம். "நீங்க எடுங்க" என்றார் ஜனகராஜ். "சேச்சே, நீங்கதேன் எடுக்கணும்" என்றார் தவசி. வித்யாஸ்ரீயும் தமிழ்மாறனும் ஒரே குரலில், "யாராச்சும் எடுங்க!" என்று கத்தினார்கள். தவசி பகடையை உருட்டினார். எக்காளம் ஊதியது. பூச்சாண்டி ஒழிந்தான்.

தவசி எழுந்து ஜனகராஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்பா ஒருவரைக் கட்டிப் பிடித்துத் தமிழ்மாறன் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "வர்ற முகூர்த்தத்துலயே பூ வச்சிருவோம்" என்றார் தவசி. "என்ன பாக்குற, ஸ்கூட்டர் சாவியை எடுடா, போய் சுவீட் வாங்கியாருவோம்" என்று மகனையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜனகராஜ் சோபாவில் சாய்ந்தார். ராமக்காள் காப்பித் தட்டோடு வந்து அவர் முன்னால் நின்றார். வெற்றி பெற்றவனுக்கு வருகிற இரக்கம் ஜனகராஜுக்கும் வந்துவிட்டது.

"இருந்தாலும் பாவம்தாங்க. அந்தப் பூச்சாண்டி யாரு பெத்த பிள்ளையோ, இப்ப எங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கானோ."

ராமக்காள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"அழுகலண்ணே, இந்தா உங்களுக்குக் காப்பி ஆத்திக்கிட்டு நிக்கிறேன்; ரெண்டு பேரும் சேந்து திட்ட ஒரு ஆளு இருந்தாத்தேன் அந்த மனுசன் வாயைத் தெறப்பாரு, அவர்கிட்ட மட்டும் சொல்லிப்பிடாதீக."